ஷமீர் சொல்லிவைத்த துப்பாக்கி

கணவன் ஷமீர் இறந்ததிலிருந்து மெஹர்பானுவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. சொல்லத்தான் செய்தார்கள். சாப்பிடு என்றார்கள், சாப்பிட்டாள். படு என்றார்கள், படுத்தாள். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா காலம் முடிந்ததும் அவளைக் கப்பலேற்றி நாகூரில் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று ஷமீரின் அண்ணன் ஹபீப் முகம்மது முடிவு செய்து, டிக்கெட்டுக்கும் சொல்லிவைத்துவிட்டார். அதற்கும் அவள் தலையை ஆட்டினாள். ஆட்டினாளா, அசதியில் தலை சாய்ந்ததா என்று யார் உற்றுப் பார்த்தார்கள்? ஆட்டினாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் பிறந்ததே போர்ட் பிளேரில். வாப்பா துணிக்கடை வைத்திருந்தார். அவர் போனபிறகு அண்ணன் கடையை விற்றுவிட்டு மெயின்லேண்ட் போய்ச் சேர்ந்தான். அவள் நாகூருக்குப் போனது தர்கா கந்தூரி பார்க்கத்தான். அப்போதும் நாலு நாள் தாங்காமல் ஊருக்குத் திரும்பலாமா என்று ஷமீரை நச்சரித்தவள். டெய்ரி ஃபார்ம் மேட்டில் இருக்கும் இந்த இரண்டு அறை வீட்டை விட்டால் அவளுக்கு வேறு ஊர் தெரியாது. ஆனால் பிள்ளையில்லை, சம்பாத்தியமில்லை, தனிப்பெண் இங்கே என்ன செய்வாள் என்று ஹபீப் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஹபீப் கெட்டவராக இருந்தால் ஒரு சண்டை போட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். நல்லவரிடம் என்னத்தைச் செய்வது?

சண்டை போடும் நிலையிலும் அவள் இல்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? ஷமீரின் மையித்தைத் தூக்கியபோதும் அவள் அழவில்லை. அக்கம்பக்கத்தில் அதையும் பேசினார்கள். பேசட்டுமே, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்? ஹபீபின் மனைவி தஹ்ஸீன் மட்டும் தினமும் வந்து, சோறு போட்டு, தலைவாரிவிட்டு, "அழுதுடு மெஹரு, நெஞ்சுல வச்சுக்காதே" என்பாள். மெஹர்பானுவுக்கு நெஞ்சில் வைத்துக்கொள்ள ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. சோறு எந்த ருசியும் இல்லாமல் உள்ளே போனது. வெளியே மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது.

அப்படி ஒரு மழைநாள் காலையில் ஷமீரின் போன் அடித்தது. தஹ்ஸீன்தான் எடுத்தாள். இத்தாவில் இருப்பவள் அந்நிய ஆணோடு பேசவேண்டாம் என்று, ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஷமீர் சார் இல்லீங்களா? நாகலிங்கம் பேசறேன், மெட்ராஸ்லேர்ந்து. பழைய வீடியோ கேம் சாமான் கடை. சார் கேட்டிருந்த ஆட்-ஆன் ரெண்டும் கெடைச்சிடுச்சு, அதான்."

"அவரு தவறிட்டாரு. கப்பல் ஜெட்டியில வேலையா இருக்கும்போதே நெஞ்சுவலி," என்றாள் தஹ்ஸீன்.

தெரியாமல் கூப்பிட்டுவிட்டேன், மன்னிச்சுக்குங்க என்றார் நாகலிங்கம். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். பாழாய்ப்போன கூரியர்காரன் அந்தமான் பின்கோடைப் பார்த்தாலே கையை விரித்துவிடுகிறான். ஷமீருக்குத் தெரிந்த ஒருவர் கப்பலில் போர்ட் பிளேர் வருகிறார். சாயங்காலம் கடைக்கு வந்து பொருளை வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. பெங்களூர்க்காரர் ஒருவரும் அதே பொருளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"யாருக்குக் குடுக்கறதுன்னு தெரியல. உங்களுக்கு வேணுமா, வேணாமா? சாயங்காலம் வரைக்கும் யோசிங்க. சார் வீட்லதான் சொல்லணும்."

தஹ்ஸீன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். மெஹர்பானு அவள் கையைப் பிடித்தாள்.

"அது என்ன சாமான்னு கேளுங்க லாத்தா."

"என்ன சாமான்னு கேக்குறா," என்று ஸ்பீக்கர் போனில் அஞ்சல் செய்தாள் தஹ்ஸீன்.

டிவியில் செருகி விளையாடும் பழைய கேம் பெட்டி ஷமீரிடம் இருந்தது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் சரக்குக் கணக்குப் பார்த்துவிட்டு வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன்முன் உட்கார்ந்துவிடுவான். அந்தப் பெட்டியோடு சேர்க்கிற உபரிச் சாமான்கள்தான் இரண்டும். ஒன்று, அடியில் மாட்டி வட்டு போட்டு விளையாடுகிற டிரைவ். இன்னொன்று, டிவியைப் பார்த்துச் சுடுகிற துப்பாக்கி.

"உண்மையைச் சொல்லிடறேன் மேடம். டிரைவ் உள்ள ஒரு ரப்பர் பெல்ட் இருக்கு. உங்க ஊர் ஈரக்காத்துக்கு அது தார் மாதிரி உருகிடும். சும்மா குடுத்தாலும் வாங்காதீங்கன்னுதான் சொல்வேன். துப்பாக்கி நல்ல சரக்கு. ஆனா அது பழைய டப்பா டிவியிலதான் வேலை செய்யும். இப்ப வர்ற தட்டை டிவியில சுட்டா ஒண்ணும் நடக்காது. சார்கிட்ட டப்பா டிவி இருக்குன்னாரு. அதனாலதான் தேடினேன்."

மெஹர்பானு திரும்பி மூலையைப் பார்த்தாள். டிவி இல்லை. மேசையும் இல்லை. சுவரில் அது நின்ற இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. இத்தனை நாள் இதே அறையில், இதே சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று ஆள் சேர்ந்து தூக்கவேண்டிய பொருள் போனதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"டிவி எங்கே லாத்தா?"

தஹ்ஸீன் முந்தானையைத் திருகினாள். "மூணாம் நாள் பாத்திஹா ஓத வந்த ஆளுங்க உக்கார எடமில்லன்னு ஒன் மச்சான் எடுத்துட்டாருல்ல. மௌத்து வீட்டுல டிவி எதுக்குன்னு பெரியவங்களும் சொன்னாங்க."

"எடுத்து?"

"பழைய சாமான் எடுக்குற கபாடிவாலாவுக்குப் போட்டுட்டாரு."

சாயங்காலம் சொல்கிறோம் என்று தஹ்ஸீன் போனை வைத்தாள். மெஹர்பானு உள்ளே ஏதோ சுடுவதை உணர்ந்தாள். அது கோபம். புருஷனைப் பறிகொடுத்தபோது வராத எதுவோ, ஒரு ஓட்டை டிவிக்காக வந்தது. அதை நினைத்து அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் ஹபீப் வந்தார். வழக்கம்போல நடுவாசல் திரைக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காய்கறிப் பையைத் தஹ்ஸீன் வாங்கிக்கொண்டாள்.

"டிவியை ஏன் மச்சான் குடுத்தீங்க?"

அவள் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டிருக்கவேண்டும். "அரே, அது பழைய டப்பா, மெஹரு. எடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. இந்நேரம் ஒடைச்சு வித்திருப்பான். சோடோ, விடு. ஒனக்கு நல்லதா ஒண்ணு வாங்கித் தரவா?"

"கேட்டுட்டுக் குடுத்திருக்கலாம்."

"நீ இருந்த இருப்புல ஒன்ட்ட எதைக் கேக்க? எப்படியும் நாகூர் போவப்போற. இதையெல்லாமா கப்பல்ல கட்டித் தூக்கிட்டுப் போவ முடியும்?"

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அவளிடம் கேட்டிருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் நாகூர் என்ற சொல் அன்றுதான் அவள் காதுக்குள் போய் விழுந்தது. டிவியை எடுத்த மாதிரியே தன்னையும் நாலுபேர் தூக்கிக்கொண்டு போவார்கள், தான் இல்லாததுகூடத் தனக்குத் தெரியாது என்று நினைத்தாள். பயமாக இருந்தது.

மக்ரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் நாகலிங்கம் கூப்பிட்டார். தஹ்ஸீன் கையை நீட்டுமுன் மெஹர்பானு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். தஹ்ஸீன் ஹபீப் இன்னும் உட்கார்ந்திருந்த வாசல் திரையைப் பார்த்தாள், பிறகு கூரையைப் பார்த்தாள். தடுக்கவில்லை.

"நான் அவரு வீட்டுலதான் பேசுறேன். டிவி இப்ப இங்க இல்ல."

"அப்ப துப்பாக்கி வெறும் பொம்மைதாங்க மேடம். அலமாரியில வச்சுப் பாக்கலாம், அவ்ளோதான்." போனை வைக்கவில்லை. "ஒண்ணு சொல்லலாமான்னு தெரியல. அதை சார் உங்களுக்காகத்தான் தேடினாரு. பட்டன் அமுக்கற ஆட்டம் வீட்ல பிடிக்கல, துப்பாக்கின்னா ஒருவேளை கூட உக்காருவாங்கன்னாரு. நினைவுக்கு வேணும்னா சொல்லுங்க, அனுப்பிடறேன்."

வா மெஹரு, ஒரே ஒரு ஆட்டம் என்று அவன் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான். உங்களுக்கு வேற வேலையில்ல என்று இவள் மீன் ஆயப் போய்விடுவாள். துப்பாக்கி வந்திருந்தால் உட்கார்ந்திருப்பாளா? நிஜமாக யோசித்துப் பார்த்தாள். உட்கார்ந்திருக்கமாட்டாள். துப்பாக்கியைக் கையில் வாங்கி, இதுக்கா மெட்ராஸ் வரைக்கும் சொல்லிவச்சீங்க என்று திட்டியிருப்பாள். அவனும் சிரித்துக்கொண்டே தனியாகச் சுட்டிருப்பான். அவர்கள் வாழ்ந்தது அப்படித்தான். அதை இப்போது அலமாரியில் வைத்துவிட்டால், கூடவே உட்கார்ந்து விளையாடினவள்போல ஆகிவிடும். அந்தப் பொய் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வேணாம். பெங்களூர்க்காரருக்கே குடுத்துடுங்க."

"சரிங்க மேடம். நானா இருந்தாலும் வாங்கமாட்டேன்." பிறகு மனசு கேட்காமல், "சார் இருந்திருந்தா வாங்கியிருப்பாரு," என்றார்.

"வாங்கியிருப்பாரு. அவரு இல்ல. நான்தான் வேணாங்குறேன்."

இதைச் சொன்னபோது அவள் குரல் நடுங்கவில்லை. தஹ்ஸீன்தான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஹபீப் தொண்டையைச் செருமினார். எல்லாம் கேட்டிருப்பார். "நல்லதாப் போச்சு மெஹரு. கட்டவேண்டிய சாமான் ஒண்ணு கொறைஞ்சுது."

"டிக்கெட்டும் வேணாம் மச்சான்."

நாற்காலி நகர்ந்தது. "என்ன சொல்ற நீ? அங்க ஒனக்கு ஆளிருக்கு. இங்க தனியாக் கெடந்து என்ன செய்வே?"

தையல் பழகுவேன், கடை வைப்பேன், வாப்பா பேரைக் காப்பாற்றுவேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபம்கூட அடங்கிப்போய், பழையபடி மரத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தாள்.

"தெரியல மச்சான். தெரியாமலே இங்க இருக்கேன்."

ஹபீப் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கினார். கொஞ்சநேரத்தில் மழையோடு சேர்ந்து அவர் குரல் கேட்டது. நாகூருக்குப் போன் போட்டிருந்தார்.

"இல்லப்பா, வரல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நான் சொல்லல. அவளே சொல்லிட்டா."