விளக்கு வைத்தாகிவிட்டது

மரகதவல்லியின் ரத்தம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் வாய் வழியாக ஒரு குழாயும் பின்வழியாக ஒரு குழாயும் விட்டுப் பார்த்தார். இரண்டு குழாய்களும் நடுவில் சந்தித்து நலம் விசாரித்துக்கொண்டன. கசிவு எதையும் காணவில்லை.

“உள்ள ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு யார் யார் வந்துபோறாங்கன்னு பாருங்க,” என்றார் டாக்டர்.

மகள் பூங்கோதை லீவு போட்டுவிட்டுக் கதவோரம் உட்கார்ந்தாள். அம்மா பொரிக்காத அப்பளம்போல் வெளுத்துக் கிடந்தாள்.

காலையில் மேல்வீட்டு ஜெபமணி டம்ளரோடு வந்தாள்.

“மரகதக்கா, கொஞ்சம் ரத்தம் இருக்குமா? எங்க செம்பருத்தி வெள்ளையா பூக்குது.”

“உறைமோர் கேட்டா தர மாட்டேனா? அதுமாதிரிதான இதுவும்,” என்று அம்மா எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்தாள். ஜெபமணிக்குப் பின்னால் டம்ளர் வரிசை படியிறங்கி, தெருவைக் கடந்து, டவுன் பஸ்ஸில் ஏறியிருந்தது.

“ஏம்மா குடுக்குற?”

“கேட்டு வந்தவங்கள வெறும் டம்ளரோட அனுப்பறதா? நல்லாருக்கே!”

பூங்கோதை கத்திப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. விளக்கு வைத்துவிட்டால் தயிர், உப்பு, ஊசி எதையும் அம்மா வாசல் தாண்ட விடமாட்டாள். கூடவே லட்சுமியும் போய்விடுவாளாம்.

பட்டப்பகலில் விளக்கை ஏற்றினாள். சூரியன் கொஞ்சம் தயங்கியது. பிறகு வழக்கத்தை மீற மனமில்லாமல் மறைந்தது. காக்காய்கள் முணுமுணுத்தபடி கூடு திரும்பின.

“விளக்கு வச்சாச்சு. நாளைக்கு வாங்க,” என்றாள் அம்மா. வரிசை கலைந்தது. பூங்கோதை எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொண்டதால் நாளை வரவே இல்லை.

ஆனாலும் ரத்தம் குறைந்தது. டாக்டர் டார்ச்சோடு வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தைப் பூங்கோதை முகத்தில் அடித்தார்.

“உங்க கன்னம் மட்டும் தக்காளி மாதிரி இருக்கே?”

பூங்கோதை அம்மாவிடம் திரும்பினாள். “எனக்கு ரசத்துல என்னத்த ஊத்துற?”

“நீ இளைச்சுப் போயிருந்தியே.”

“விளக்கு எரியுதேம்மா!”

“அது ஊருக்கு. பெத்த பொண்ணுக்கு என்னடி விளக்கு?”

பூங்கோதைக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மணியடித்தாள். அம்மா திறந்தாள்.

“யாரு?”

“எதிர்வீட்டுக்குப் புதுசா குடிவந்திருக்கேங்க. கொஞ்சம் ரத்தம் கிடைக்குமா?”

அம்மா டம்ளரைப் பார்த்தாள். விளக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

“விளக்கு வச்சாச்சும்மா. நாளைக்கு வா.”

பிறந்ததிலிருந்து அம்மா அவளிடம் இல்லையென்று சொன்னது அதுதான் முதல் தடவை. பூங்கோதை படியில் உட்கார்ந்து சந்தோஷமாக அழுதாள். உள்ளே அம்மாவின் நடை திடமாகக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“ஏம்மா புதுப்பொண்ணு, சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேங்க,” என்று பூங்கோதை பொய் சொன்னாள்.