தூங்காத மாடும் பதினாறு வீதப் புரதமும்

எங்கள் செவலை மாடு படுக்க மறுத்தபோது முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனுஷருக்கே சில நாள் தூக்கம் வராது. ஆனால் அது மறுநாளும் படுக்கவில்லை, அதற்கு மறுநாளும் படுக்கவில்லை. கொட்டகையில் நின்றபடியே எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அசைபோடக்கூட மறந்துவிட்டது. கிட்டே போனால் காதை விறைத்துக்கொண்டு, நான் ஏதோ கெட்ட செய்தி கொண்டுவந்தவள் மாதிரி முறைத்தது. பால் பாதியாகிவிட்டது. சாணி கல் மாதிரி விழுந்தது. மாட்டு டொக்டர் வந்து காய்ச்சல் பார்த்தார், இல்லை என்றார், ப்ளேன்டீ குடித்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் ஆண்டியப்பன் தேயிலைத் தோட்டத்து டீ பேக்டரியில் வேலை செய்கிறார். எதையும் சட்டென்று முடிவு செய்கிறவர்.

"பைத்தியம் புடிச்சிருச்சு. ஞாயித்துக்கெழம யாவாரிய வரச் சொல்லிட்டேன்."

"எந்த யாவாரிங்க?"

"மாட்டு யாவாரி. பின்ன நம்ம லயத்து வீட்டுக்கு நகை யாவாரியா வரப்போறான்?"

அந்த வியாபாரி வாங்கிய மாடு எதுவும் இன்னொரு கொட்டகைக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. செவலை கன்றாக இருந்தபோதிலிருந்து என் கையால் தின்றது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அதற்கு என்ன வந்ததென்று கண்டுபிடித்தாக வேண்டும்.

யோசித்துப் பார்த்ததில் மாறியது ஒன்றே ஒன்றுதான், தீவனம். பொகவந்தலாவை பஜாரில் சுந்தரலிங்கம் முதலாளி புண்ணாக்கும் தவிடும் கலந்து தானே தீவனம் தயாரிக்கிறார். நூற்றுக்குப் பதினாறு வீதம் புரதம் இருந்தால்தான் வாங்குவோம் என்று பால் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். முதல் சோதனையில் பதின்மூன்றுதான் வந்தது. ஏதோ செய்தார், இரண்டாவது சோதனையில் பதினாறு தசம் நான்கு வந்துவிட்டது, அந்தத் தீவனம் எங்கள் கொட்டகைக்கும் வந்துவிட்டது. அந்த ரிப்போட்டைக் கண்ணாடி போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் சேர்த்துக் காட்டினார்.

கடைக்குப் போனேன்.

"மொதலாளி, உங்க தீனி தின்னதுல இருந்து மாடு தூங்க மாட்டேங்குதுங்க."

"சத்து ஏறியிருக்கும்மா. சத்து ஏறினா சுறுசுறுப்பு வரும். உன் மாடு என்னா, காலையில பெரட்டுக்குப் போய்ப் பேர் குடுக்கணுமா, நேரத்தோட தூங்க?"

"பாலும் கொறஞ்சிருச்சுங்களே."

"ரிப்போட்டப் பாரு மீனம்மா. ஹட்டன் லெப்ல குடுத்தது. உன் மாடு பொய் சொல்லலாம், லெப் பொய் சொல்லுமா?"

பார்த்தேன். அடியில் இருந்த கையெழுத்து எங்கள் கீழ் லயத்துச் சுலக்ஷனாவுடையது. படித்துவிட்டு அந்த லெப்பில்தான் சோதனை செய்யும் வேலை பார்க்கிறாள். மறுநாளே ஒரு பையில் தீவனத்தை அள்ளிக்கொண்டு ஹட்டன் பஸ் ஏறினேன்.

"அத்த, மாடு தூங்கலனா நான் என்னா செய்யிறது? நான் என்னா மாட்டு டொக்டரா?"

"கையெழுத்து ஒன்னோடது தானே, புள்ள?"

சுலக்ஷனா மேசையை விட்டு எழுந்தாள். பையை வாங்கிக்கொண்டாள்.

அந்த வேலையை நான் உட்கார்ந்து பார்த்தேன். தீவனத்தை மாவாக அரைத்து, துளியூண்டு நிறுத்து, நீளக் கழுத்துக் குப்பியில் போட்டு, கந்தக அமிலம் ஊற்றிக் கொதிக்கவைக்கிறார்கள். முதலில் தார் மாதிரிக் கறுத்தது. மத்தியானத்துக்குள் தெளிந்து இளம்பச்சைத் தண்ணீராகிவிட்டது. பிறகு அதில் கோஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி ஆவியைக் கிளப்பினார்கள். கழுவாத மூத்திரக் கொட்டகை வாசம் ஒன்று வந்தது. அதுதான் அமோனியாவாம். தீவனத்தில் இருந்த நைட்ரஜன் எல்லாம் இப்போது அதில்தான் இருக்கிறதாம். அதை இன்னொரு குப்பியில் பிடித்ததும் அந்தத் தண்ணீர் பச்சையானது. மறுபடி சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, ரோஸ் நிறம் வரும் இடத்தில் நிறுத்தினாள். எத்தனை சொட்டுப் போனதோ அதை வைத்துக் கணக்கு. இவ்வளவுக்கும் ஒரு பிடி மாட்டுத் தீனி.

"பதினாறு தசம் மூனு. பாத்தீங்களா அத்த, என் ரிப்போட் சரி."

"அப்ப மாடு தான் தப்பா?"

சுலக்ஷனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "இந்தச் சோதன புரதத்த அளக்கல. நைட்ரஜனத்தான் அளக்குது. அத ஆறே காலால பெருக்கி புரதம்னு எழுதுறோம். நைட்ரஜன் எல்லாம் புரதத்துல இருந்து தான் வந்துச்சுனு நெனச்சிக்கிட்டு."

"நெனச்சிக்கிட்டா?"

"எல்லா நாட்டுலயும் அப்படித்தான் அத்த நெனைக்கிறாங்க."

"வேற எதுல இருந்தும் வருமா?"

"யூரியாவுல இருந்து வரும். மொதலாளி அதக் கலந்திருப்பாரோ என்னவோ. சுடுதண்ணி ஊத்திப் பாப்போம். புரதம் அநேகமா கீழ தங்கிரும், மத்தது கரஞ்சு வெளிய வரும்."

தீவனத்தில் சுடுதண்ணீர் ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டு வடித்தாள். கண்ணாடிக் கோப்பையில் செக்கச்செவேலென்று இறங்கியது. அந்த வழியாகப் போன லெப் கணக்குப்பிள்ளை கதவில் தலையை நீட்டி, "டீயா? எனக்கும் ஒன்னு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அவளும் கோப்பையைப் பார்த்தோம். பிறகு மோந்தோம்.

"அத்த, இது டீ."

"டீயில நைட்ரஜன் இருக்கா?"

"நல்லாவே இருக்கு. டீயில இருக்கிற கஃபீன்லயும் இருக்கு. தூக்கத்த வெரட்டுறதும் அதுதான்."

இத்தனை நாளாக எனக்கு ஏன் வாசம் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டுச் சட்டை டீ வாசம், தலையணை டீ வாசம், பேக்டரிக்குப் போய்வருகிற என் வீட்டுக்காரர் மேலே எப்போதும் டீ வாசம். மூட்டையைப் பிரித்தபோது டீ வாசம் வராமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன்.

"இதயே ரிப்போட்ல எழுதிக் குடு, புள்ள."

"நைட்ரஜன் எவ்ளோனு தான் நான் எழுதலாம். கஃபீன்னு எழுத கொழும்புக்கு அனுப்பணும். மாசக் கணக்காகும்."

"ஞாயித்துக்கெழம யாவாரி வர்றான்."

"அப்ப மொதலாளி வாயாலயே சொல்ல வைங்க" என்றாள் சுலக்ஷனா, குப்பியைக் கழுவிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமைதான் சுந்தரலிங்கம் முதலாளியின் வேன் மூட்டை இறக்க எங்கள் லயத்துக்கு வரும். மாட்டு வியாபாரியின் லொறியும் வந்து நின்றது. என் வீட்டுக்காரர் செவலையின் கழுத்தில் புதுக் கயிற்றைக் கட்டி வெளியே கொண்டுவந்துவிட்டார். அது வியாபாரியையும் கெட்ட செய்தியாகவே பார்த்தது. இந்தத் தடவை அது சரி.

வந்தவர்களுக்கு ப்ளேன்டீ கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் எந்தக் காரியமும் தொடங்காது. மூன்று கோப்பை கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் நான் ஒரு வாய் குடித்துப் பார்த்துக்கொண்டேன். அதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

முதலாளி உறிஞ்சினார். வாயில் சுழற்றினார். டீ குடித்துவிட்டு அபிப்பிராயம் சொல்லாத ஆள் எங்கள் மலையில் இன்னும் பிறக்கவில்லை.

"சாயம் நல்லா எறங்கியிருக்கு. ஆனா டஸ்ட், கடைசித் தரம்."

என் வீட்டுக்காரரும் உறிஞ்சினார். "டஸ்டாவது? அதவிட மட்டம் மொதலாளி. பேக்டரியில கூட்டி அள்ளினது. நாரு வாசம் வருது. மீனம்மா, எங்க வாங்கின இந்தக் கழிசல?"

"மொதலாளி மூட்டையில இருந்துங்க. மாட்டுத் தீனிய வடிச்சேன்."

வியாபாரி கோப்பையைக் கீழே வைத்தார். முதலாளி வைக்கவில்லை. அவருடைய முகம் சிவந்தது தீவனத்துக்காக அல்ல.

"கூட்டி அள்ளினதா? யாரப் பாத்து ஆண்டியப்பா சொல்ற? நான் நின்னு, கண்ணு முன்னால சலிக்க வச்சு வாங்கின தூளு அது!"

செவலை காலை மாற்றி நின்றது. முதலாளிக்குத் தான் சொன்னது மெதுவாகக் காதில் விழுந்தது.

"மனுசன் குடிக்கிறது தானே," என்றார். "மாட்டுக்கு மட்டும் ஆகாதா?"

"மனுசன் மூட்டையா திங்கிறான்?" என்றார் வியாபாரி. பிறகு எங்கள் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அப்ப இதுக்குப் பைத்தியம் இல்லையா அண்ணே?"

"இல்ல போல இருக்கு."

"பைத்தியம்னு சொன்னதால தான், மலிவா கெடைக்கும்னு இவ்ளோ தூரம் மலை ஏறி வந்தேன்."

லொறி வெறுமையாக இறங்கிப் போனது. முதலாளியும் வேனில் ஏறினார். போகும்போது, சங்கத்தில் சொல்ல வேண்டாம் என்று கேட்பார் என்று நினைத்தேன். "கூட்டி அள்ளினதுனு மட்டும் வெளிய சொல்லிராத" என்றார். நான் சொல்லவில்லை. சலித்த தூள் என்றுதான் சங்கத்தில் சொன்னேன்.

கண்ணாடி போட்ட ரிப்போட் கடையிலிருந்து இறங்கிவிட்டது. பிள்ளையார் மட்டும் இருக்கிறார்.

செவலைக்குப் பழையபடி புல்லும் வெறும் தவிடும் வைத்தேன். அந்த வாரத்தில் ஒரு மத்தியானம் இவர் பேக்டரியிலிருந்து வந்தவர் கொட்டகை வாசலிலேயே நின்று கத்தினார்.

"மீனம்மா! ஓடியா! மாடு செத்துப்போச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். நாலு காலையும் பரப்பி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது. வயிறு ஏறி ஏறி இறங்கியது.

"தூங்குதுங்க."

இவர் குனிந்து அதன் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார்.

"பட்டப்பகல்ல தூங்குறதுக்கா இதுக்குத் தீனி போடுறோம்?" என்றார்.