மூன்றாவது பேட்டரி

…மூன்றில் இரண்டு பச்சை, ஒன்று கறுப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அந்தக் கறுப்பை அழைப்பு மணிக்குள் போட்டது நானா இவரா என்று கேட்டால் இன்றுவரை சத்தியம் செய்ய முடியாது. சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்றே தெரியவில்லை, ஒரு விஷயத்தைக் கோபத்தில் திரும்பத் திரும்பச் சொன்னால் சொன்னதுதான் மனதில் நிற்கிறது, நடந்தது எங்கோ ஒதுங்கிப் போய்விடுகிறது. அந்தச் சனிக்கிழமை காலை மட்டும் தெளிவாக இருக்கிறது. சாப்பாட்டு மேசை முழுக்கப் பேட்டரிகளைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அண்ணி, அதாவது இவருடைய அக்கா, வருகிறாள், வந்து மாமாவை அழைத்துக்கொண்டு போகப்போகிறாள், "அப்பாவைத் தம்பி வீட்டுல விட்டது என் தப்புதான்" என்று போனிலேயே சொல்லிவிட்டாள், தம்பி வீடு என்றால் யார், தம்பியா, அவர் காலை ஏழு மணிக்கு லிஃப்ட் ரிப்பேருக்குப் போனால் இரவு எட்டு மணிக்கு வருகிறவர், தம்பி வீடு என்றால் நான்தான். நாலு வருஷம் பார்த்துக்கொண்டதற்கு ஒரே வரியில் தீர்ப்பு. கூடத்தில் மாமா இடுப்பில் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார், இவர் அவருடைய சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார், நான் பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கும் கருவியில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோட்டில் நின்றால் வலது பக்கம், சிவப்பில் நின்றால் இடது பக்கம். வேறு வேலை இல்லையா எனக்கு? இருந்தது. ஆனால் அண்ணி வாசல்படி ஏறுவதற்குள் என் பேட்டரிகள் நல்லவை என்று நிரூபித்தாக வேண்டும் போல் இருந்தது.

அந்த மணியை வாங்கியதே நான். அத்தை போன பிறகு மாமா எங்களிடம் வந்தார், குளியலறை ஒட்டியிருக்கிறது என்று மாடி அறையைக் கொடுத்தோம், மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழே கேட்காது, அதனால் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பொத்தான், கீழே என் மேசையில் ஒரு ஒலிப்பெட்டி. என் மேசை என்பது சமையலறை ஓரம்தான், ஒரு அச்சகத்துக்குப் பள்ளிப் புத்தகங்களின் புரூஃப் பார்த்துக் கொடுக்கிறேன், ஒரு எழுத்து தப்பினால் இருபதாயிரம் பிள்ளைகள் தப்பாகப் படிப்பார்கள், அதற்கு அமைதி வேண்டும். மாமா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், முப்பத்தைந்து வருஷம் தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பிப் பழகியவர், கையில் பொத்தானைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? தண்ணீருக்கு ஒரு மணி, கண்ணாடியைக் காணோம் என்று ஒரு மணி, கண்ணாடி கிடைத்துவிட்டது என்று சொல்ல ஒரு மணி. ஒலிப்பெட்டிக்கு மூன்று பென்சில் பேட்டரி. மொத்தக் கடையில் கறுப்புப் பேட்டரி நாற்பத்தெட்டு அடங்கிய பெட்டியாக வாங்கி வந்துவிடுவேன், புதுசு மணிக்கு, மணியில் களைத்தது டிவி ரிமோட்டுக்கு, ரிமோட்டில் களைத்தது சுவர்க் கடிகாரத்துக்கு, கடிகாரம் பாவம், எந்தச் சாரமற்றதையும் வைத்துக்கொண்டு இன்னும் மூன்று மாதம் ஓடும். யாரும் சொல்லித் தந்ததில்லை, அப்படித்தான் எங்கள் வீடு நடந்தது. எதையும் எழுதி வைக்க வேண்டியதில்லை, மணியே சொல்லிவிடும், அதன் குரல் முதலில் சளி பிடித்தது போலக் கரகரக்கும், பிறகு பாதியில் இழுக்கும், ஒரு வாரம் அப்படி முனகிய பிறகுதான் அடங்கும். அந்த ஒரு வாரம் எனக்குப் போதும்.

அதில்தான் இவர் வந்து கையை வைத்தார். ஒரு நாள் சார்ஜரும் பன்னிரண்டு பச்சை பேட்டரியுமாக வந்து நின்றார், "வருஷத்துக்கு நாற்பத்தெட்டு பேட்டரியைக் குப்பையில போடுறியே, அதெல்லாம் மண்ணுல என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்றார், ஏதோ நான்தான் உலகத்துக்கு விஷம் வைக்கிறேன் என்பது போல. ஒவ்வொன்றிலும் மார்க்கரால் நம்பர் எழுதினார், எந்த நம்பர் எந்த நாளில் சார்ஜ் ஆனது என்று ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினார், "ஆயிரம் தடவை சார்ஜ் பண்ணலாம்" என்றார். மாமா அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஆயிரம் தடவை ஏத்தலாமாமே, எனக்கு ஒரே ஒரு தடவை ஏத்திவிடச் சொல்லேன்" என்றார். நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை, "ஒரே சீரா வேலை செய்யும்ப்பா, கடைசி வரைக்கும் குரல் குறையாது" என்றார் பெருமையாக. அதுதான், அதேதான், கடைசி வரைக்கும் குரல் குறையாமல் இருந்துவிட்டு ஒரு நிமிஷத்தில் செத்துப்போகும் பொருளைக் கொண்டுவந்து ஒரு கிழவரின் கழுத்துக்கும் என் காதுக்கும் நடுவில் வைத்தார்…

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிவாக்கில் மாமா குளியலறைக்குப் போகும்போது விழுந்திருக்கிறார். போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது, எட்டவில்லை. ஒரு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டோடு நான் மேலே போனேன். தரையில் ஒருக்களித்துக் கிடந்தார், பொத்தான் கையிலேயே இருந்தது, "அடிச்சிட்டே இருந்தேம்மா, நூத்தி முப்பது வரைக்கும் எண்ணினேன், அப்புறம் விட்டுட்டேன்" என்றார். கோபமே இல்லை. திட்டியிருக்கலாம், ஏண்டி, நீ செத்தா போயிட்டே என்று கேட்டிருக்கலாம், அப்படிக் கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அழுதிருப்பேன், முடிந்திருக்கும். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் ஒலிப்பெட்டியைத் திருகிக் கழற்றினார். உள்ளே பச்சை நாலு, பச்சை ஏழு, நடுவில் ஒரு கறுப்பு. "இதை யாரு போட்டது?" "நீங்கதானே மணியை உங்க பொறுப்புல எடுத்துக்கிட்டீங்க?" "நாலு, ஏழு, ஒன்பது, ஞாயித்துக்கிழமை போட்டிருக்கேன், அட்டவணையைப் பாரு. ஒன்பது எங்கே?" ஒன்பது சமையலறைத் தராசில் இருந்தது. உடனே என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… அந்தத் தராசை இந்த வீட்டில் யார் தொடுகிறார்கள், சர்க்கரை வந்த நாளிலிருந்து வாயில் வைப்பதை எல்லாம் நிறுத்துப் பார்க்கிறவர் யார்? கேட்டேன். "பழசையும் புதுசையும், இந்த ரகத்தையும் அந்த ரகத்தையும் கலக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார். பதினோரு நாள் இதுவே பேச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தினோம், ஒரு நர்ஸ் வந்து, "ரெண்டு பேரும் கீழே கேன்டீன்ல போய் சண்டை போடுங்க, இங்க ஆளுங்க தூங்குறாங்க" என்றாள். கேன்டீனுக்குப் போயும் சண்டை போட்டோம்.

முப்பத்தொன்றாவது பேட்டரியும் பச்சைக் கோட்டில் நின்றது. என் பெட்டியில் பழுதே இல்லை, அண்ணி பார்க்கட்டும், வரிசையாக நிறுத்தி வைத்தேன், ஒன்று சாய்ந்து மற்றவை சரிந்து மேசையில் உருண்டன. கூடத்திலிருந்து மாமா, "என்னம்மா சத்தம்?" என்றார். "பேட்டரி பார்க்கிறேன் மாமா."  "இன்னுமா?" என்றார் மாமா. அந்த ஒரு வார்த்தை எனக்குச் சுரீரென்றது, நான் யாருக்காகப் பார்க்கிறேன், எனக்கு என்ன இதில் ஆசையா, பதினோரு நாளாக ஒரு பக்கம் புரூஃப் பார்க்கவில்லை, அச்சகத்துக்காரர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார், ஒருவருக்காவது அது தெரியுமா…

அண்ணி வந்தாள். உட்காரவில்லை, தண்ணீர் வேண்டாம் என்றாள், கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. அப்பாவின் தலையைத் தடவிவிட்டு நேரே மேசைக்கு வந்தாள். இவர் ஆரம்பித்துவிட்டார், வோல்ட் என்றார், கலந்து போட்டால் பலவீனமானது மற்றவற்றையும் இழுத்துவிடும் என்றார், நான் நடுவில் புகுந்து குரல் குறையாத பேட்டரி என்ன பேட்டரி என்றேன், இவர் அட்டவணையைக் காட்டினார், நான் தராசைக் காட்டினேன். அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேட்டரியை விடுடா" என்றாள் தம்பியிடம். பிறகு என்னிடம், சத்தம் போடாமல், "அப்பா காலையில எத்தனை தடவை உன்னைக் கூப்பிடுவார்?" என்று கேட்டாள். விட்டேனா, நாலு வருஷக் கோபமும் சேர்ந்து வந்தது, "பத்து தடவை, பன்னெண்டு தடவை, ஒரு பக்கம் முழுசா படிக்க விடமாட்டார் அண்ணி, எண்ணிப் பார்த்திருக்கேன்" என்றேன். "அன்னிக்கு?"

அன்றைக்கு… வரலாற்றுப் பாடம். ஒரு காலையில் நாற்பது பக்கம் முடித்திருந்தேன், அதற்கு முன்னால் அப்படி முடித்ததே இல்லை. பதினோரு மணிக்கு மேல் ஒலிப்பெட்டியை நிமிர்ந்து பார்த்தேன், ஆமாம், பார்த்தேன். தூங்குகிறார் போல, தூங்கட்டும் என்று நினைத்தேன். எழுந்து காப்பி போட்டேன், கரண்டி பாத்திரத்தில் படாமல் கலக்கினேன், ஏன் அவ்வளவு ஜாக்கிரதையாகக் கலக்கினேன், சத்தம் மாடிக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியாதா? சூடு ஆறுவதற்குள் கடைசிச் சொட்டு வரை குடித்தேன், எத்தனை மாதத்துக்குப் பிறகு. பேட்டரி தீர்ந்திருக்குமோ என்ற நினைப்பு வந்ததா? வந்தது என்றுதான் நினைக்கிறேன். வந்து, வாசலில் நின்று, நான் பார்க்காததால் திரும்பிப் போயிற்று. அல்லது இதுவும் பிறகு நானாகச் சேர்த்ததா…

வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு எப்படிக்கா தெரியும்? பேட்டரி செத்துப்போச்சு, அதைத்தானே இவ்வளவு நேரமா சொல்றேன்." பதினோரு நாள் என்னைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியவர், என் முன்னால் வந்து நின்று சொன்னார். எனக்கு நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, அந்த எரிச்சலில்தான் இன்னொன்று உறைத்தது. தினமும் பதினோரு மணிக்கு டீ குடிக்கும்போது இவர் அப்பாவுக்குப் போன் செய்வார். எடுக்காவிட்டால் உடனே எனக்குச் செய்வார். அந்தச் செவ்வாய்க்கிழமை மாமா எடுத்திருக்க முடியாது, எனக்கோ போன் வரவில்லை. பதினோரு நாளில் நான் அதை ஒரு முறைகூடக் கேட்கவில்லை, இவரும் என்னிடம் மணி அடிக்காத அந்த அமைதியைப் பற்றிக் கேட்கவில்லை, இரண்டு பேரும் அவ்வளவு ஆத்திரத்தோடு பேட்டரியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம், ஒருவர் விட்டால் மற்றவர் விழுந்துவிடுவார் என்பது போல. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமா அண்ணி, பேட்டரிதான்" என்றேன்.

மாமா அண்ணி வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தார், கைத்தாங்கலாக நடக்கக்கூட ஆரம்பித்தார், பிறகு ஒரு மழைக்காலத்தில் நெஞ்சுச் சளி முற்றிப் போய்விட்டார். அண்ணி எங்களோடு பேசுகிறாள், அளவாக. இவருக்கு மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது, பச்சை பேட்டரிகளில் பெரும்பாலானவை இன்னும் ஓடுகின்றன, அவற்றுக்காக இன்னும் சண்டை போடுகிறோம். மாமாவின் அறையில் இப்போது என் மேசை இருக்கிறது. வேலை நன்றாக நடக்கிறது.