யாருக்கும் கேட்காத இடி

…அந்தப் பட்டனை இன்னொரு தடவை அமுக்கினால் போதும், அவ்வளவுதான், லேப்டாப்பின் மேல் வரிசையில் விமானப் படம் போட்ட பட்டன், கை நீட்டினால் எட்டிவிடும், ஆனால் எப்படி நீட்டுவது, அவன் நாற்காலியில் பிரீத்திகா அல்லவா உட்கார்ந்திருக்கிறாள், "நகருங்க, நான் பாக்கேன்" என்று கணக்கு மேசையிலிருந்து எழுந்து வந்து, துப்பட்டாவை முடிச்சுப் போட்டுக்கொண்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து… பெண்டாட்டி கம்ப்யூட்டர் படித்தவள் என்று போகிற இடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாயே ராம்குமார், இப்போது அனுபவி. அவள் முதலில் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள், வைஃபை பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிகிறது, அதற்கு நேர் மேலே சின்ன மாமாவின் போட்டோ, நவநீதகிருஷ்ணன், மாமனாரின் தம்பி, ஒரு வைகாசி மத்தியானம் இடி விழுந்து பட்டாசு மருந்து கலக்கும் அறையோடு போனவர், பிளாஸ்டிக் மாலைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார், அவளைப் போலவே இடது கன்னத்தில் குழி… அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்க்க முடியாது.

பெட்டியை அணைத்துவிட்டுப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்ப எரிந்தன, தன் போனை எடுத்துப் பார்த்தாள், "என் போன்ல வருதே" என்றாள், அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், அவனுக்குத்தான் கழுத்து வேர்த்தது. அப்படியா, வருதா, என்று ஏதோ சொல்லிவைத்தான். ஐயோ, நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, நாக்பூர் சேட் திரையில் வெற்றிலை மென்றுகொண்டு பேசினார், இவன் ஆமாஞ்சாமி போட்டு ஹாஞ்ஜி ஹாஞ்ஜி என்றான், அவர் சிரித்தார், இவனும் சிரித்தான், அப்புறம் நீளமாக ஒன்று கேட்டார், அதற்கும் ஹாஞ்ஜி என்றான், அதில்தான் அவர் முகம் மாறிவிட்டது. என்னத்துக்கு ஹாஞ்ஜி சொன்னோம்? போன வருசம் அனுப்பிய சரக்கு புஸ்ஸென்று போனதா என்று கேட்டிருப்பாரோ? திரும்பக் கேட்டார், மெதுவாக, பச்சைப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக, அப்படிக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை… விரல் தானாகப் போய் அந்த விமானப் பட்டனை அமுக்கி நெட்டை நிறுத்திவிட்டது. சேட் வாயைத் திறந்தபடியே உறைந்து நின்றார், பிறகு மறைந்தார். அந்த ஒரு கணம், சே, எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

எல்லாம் அன்பரசன் லீவு போட்டதால் வந்த வினை. இந்திக்கார ஊர்களுக்கெல்லாம் அவன்தான் பேசுவான், மகளுக்குக் காதுகுத்து என்று போய்விட்டான், உடனே மாமனார், "நம்ம மாப்ள இருக்காருல்லா, நாக்பூர்லயே இருந்தவரு" என்றுவிட்டார். இருந்தது வாஸ்தவம். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, "இந்தியெல்லாம் நல்லா வருமா?" என்று அவர் கேட்க, பிரீத்திகா காபித் தட்டோடு நின்றிருந்தாள், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வராது என்று எவன் சொல்வான், "அதெல்லாம் சமாளிச்சிருவேன் மாமா" என்று சொல்லிவிட்டான். நாக்பூரில் அவன் இருந்தது சாத்தூர்க்காரர் ஒருவரின் குடோனில், சாப்பிட்டது தமிழ் மெஸ்ஸில், படுத்தது தமிழ்ப் பையன்களோடு, தக்காளி விலை கேட்கிற அளவுக்கு இந்தி வரும், அதுவும் தக்காளிக்காரன் சிரிப்பான். மாமாவுக்கு மட்டும் என்ன வாழ்கிறது, அவர் பேசுகிற இந்தியில் பாதி தமிழ், கையை ஆட்டி ஆட்டி, தப்பாகப் பேசி, அவரே முதலில் சிரித்து, ஆர்டரை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். தெரியாது என்பதை அவர் மறைத்ததே இல்லை. நீ மறைத்தாய். மறைத்தவனுக்குத்தான் இப்படி வேர்க்கும்.

திரையில் சின்னக் கட்டம் ஒன்று வந்தது, கோளாறைத் தேடுகிறதாம், பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது, பிரீத்திகா கன்னத்தில் கை வைத்து அதையே பார்க்கிறாள். தேடட்டும். அதற்குத் தெரியுமா இதெல்லாம்… சேட் மறைந்த கையோடு மாமா போன் பண்ணினார், இருக்கன்குடி மாரியம்மன் கோயிலிலிருந்து, பின்னால் கொட்டுச் சத்தம், "என்ன மாப்ள, பேசிக்கிட்டு இருக்கும்போதே போயிட்டீகளாம், சேட்டு என்னைக் கூப்பிடுதாரு." கரண்டு போச்சு என்றிருக்கலாம், ஜெனரேட்டர் என்ன ஆச்சு என்பார். லேப்டாப் கெட்டுப்போச்சு என்றிருக்கலாம், போன மாசம்தானே வாங்கினோம் என்பார். மேலே கேள்வி வராத ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அது நாக்கு நுனியிலேயே இருந்தது, "இடி மாமா. இங்கன இருட்டிக்கிட்டு வருது, இடிச்ச இடியில நெட்டு போயிருச்சு." அவர் ஒன்றும் கேட்கவில்லை. பட்டென்று வைத்துவிட்டார். அப்பாடா என்று இவன் அரை டம்ளர் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டான், வெளியே அபாய மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடிக்கிற சத்தம், டங் டங் டங்கென்று… அப்போதுதான் விளங்கியது, மாமா போர்மேன் சுடலைக்குப் போன் போட்டிருக்கிறார். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? பட்டாசுக் கம்பெனியில் இடி என்றால் என்ன நடக்கும் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

ஜன்னலுக்கு வெளியே வேலையாட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், ஒவ்வொரு அறையிலிருந்தும் இரண்டு பேர், மூன்று பேர், வெறுங்காலோடு, கையெல்லாம் வெள்ளி மருந்து மினுங்க, சாப்பாட்டுக் கொட்டகையைப் பார்த்து வேகமாக நடந்து. யாரும் ஓடவில்லை, ஓடினால் உரசும், விழுந்தால் உரசும், அப்படிப் பழகியவர்கள். எண்ணிக்கைக்குத்தான் கூலி, உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது, ஆனாலும் ஒருத்தர் முகம் சுளிக்கவில்லை. வானம் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. ஆனைக்குட்டம் பக்கம் ஒரு துண்டு மேகம், அதுவும் வெள்ளையாக. பத்திரகாளியக்கா புருவத்துக்கு மேல் கையை வைத்து அண்ணாந்து பார்த்தது, அதற்கு என்ன தெரிந்ததோ, பேசாமல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஐயோ அக்கா, ஏதாவது திட்டேன், எவன் சொன்னான் இடி என்று கேளேன்.

சுடலை அண்ணன் வாசலில் வந்து நின்றார். "சின்ன மொதலாளி, எல்லாரும் வெளிய வந்துட்டாக. எங்களுக்கு ஒண்ணும் சத்தம் கேக்கல, எந்தப் பக்கம் இடிச்சுச்சு?" சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார், சந்தேகம் இல்லை, சந்தேகப்பட்டிருந்தால்கூட நன்றாயிருக்கும். இவன் கையை எங்கோ காட்டினான், எந்தப் பக்கம் காட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார். "கேட்டாலும் கேக்காட்டியும், ஒருத்தர் சொன்னா மொதல்ல வெளிய வந்துரணும், பெறகுதான் வானத்தைப் பாக்கணும். சின்னய்யா போன பெறகு பெரிய மொதலாளி போட்ட சட்டம்லா" என்று போட்டோவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிரீத்திகாவும் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள், பிறகு ஜன்னலை, வெயிலை, கொட்டகையை, கடைசியாகத் தன் போனை. "இடியில போனா பெட்டில்லா போகணும்" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, "இது லேப்டாப்புல மட்டும் போயிருக்கு."

இனி அதிக நேரம் இல்லை. பச்சைக் கோடு நின்றது, கட்டத்துக்குள் ஏதோ எழுத்து வந்தது, அவள் குனிந்து படித்தாள், அவள் விரல் மேல் வரிசைக்குப் போனது, ஒவ்வொரு பட்டனாக, நிதானமாக… விமானத்தின்மேல் நின்றது. நான்தான் அமுக்கினேன் என்று இப்போதாவது சொல், அவள் கண்டுபிடிப்பதற்கும் நீ சொல்வதற்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கிறது, சொல்லடா… அவள் அமுக்கினாள். வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன, கம்பெனிப் பெயர் முதலில், கோடு கோடாக சிக்னல் ஏறியது. கத்துவாள் என்று நினைத்தான். அவள் கண்ணில் தண்ணீர்தான் நின்றது, அதுவும் விழவில்லை, துப்பட்டா முடிச்சை அவிழ்த்துக்கொண்டே எழுந்தாள், "இடி இடிச்சுச்சா?" என்றாள். அவன் தரையைப் பார்த்தான். "எங்க சித்தப்பா போட்டோவுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே போயி அவுகளை உள்ள போகச் சொல்லுங்க."

போகிறேன். இதோ போகிறேன். கதவைத் திறந்தால் பத்து எட்டில் கொட்டகை, என்ன சொல்வது, இடி இல்லை, எனக்கு இந்தி தெரியாது, அதனால் உங்கள் வேலையை நிறுத்தினேன் என்றா? இடி போய்விட்டது என்று சொல்லிவிடலாமே, அதுவும் பொய்தானே, வராதது எப்படிப் போகும்… ஜன்னல் வழியாகக் கேட்கிறது, சுடலை அண்ணன், "வெயிலு அடிக்கி, போவமா?" என்கிறார், பத்திரகாளியக்கா, "இருங்கண்ணே, அந்தத் தம்பி காதுல விழுந்திருக்குல்லா, பெறகு எப்படிப் போக? இன்னும் செத்த இருப்போம்" என்கிறது. லேப்டாப் கூப்பிட ஆரம்பித்துவிட்டது, சேட்தான், வட்டத்துக்குள் அவர் முகம், டிங் டிங்கென்று… அவன் எழுந்து ஜன்னலுக்குத்தான் போனான், கதவுக்குப் போகவில்லை, கழுத்தை வளைத்து அந்தத் துண்டு மேகத்தைப் பார்த்தான், கொஞ்சம் கறுத்திருக்கிறதா, கொஞ்சம் பெருத்திருக்கிறதா, ஒன்றே ஒன்று, தூரத்தில், யாருக்கும் ஒன்றும் ஆகாமல், சும்மா ஒரு உறுமல் போதும், மாரியம்மா… வேண்டிக்கொண்டபிறகுதான் என்ன வேண்டினோம் என்பது அவனுக்கு உறைத்தது. அவன் மேகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுவரில் சின்ன மாமா சிரித்துக்கொண்டிருப்பது முதுகுக்குத் தெரிந்தது.