காற்று வகையில் கட்டிய சீட்டு

1

இது நான் யோசித்த கதை அல்ல. கோவையில், பீளமேட்டு பேக்கரி ஒன்றில் ஒட்டுக்கேட்டது. பக்கத்து மேசையில் பூஜிதா தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பனி படர்ந்த காலையில் பூஜிதா— (வேண்டாம். அவள் ஆபீசில் ஏசி மட்டும்தான்.)

2

காற்றாலைக்கு இடம் பார்த்துச் சொல்லும் நிறுவனத்தில் பூஜிதா நிரல் எழுதுகிறாள். ஒரே கணக்கைப் பல கணினிகள் பங்குபோட்டுக்கொண்டு, விடைகளை ஒன்றுக்கொன்று செய்தியாக அனுப்பும். செய்தியின் வடிவத்தைச் சொல்வது தரவு வகை. அதில் நாமே ஒரு குறிப்புச்சீட்டைக் கட்டிவைக்கலாம். (ஏலச்சீட்டு அல்ல. செய்தி போகும், சீட்டு அந்தந்தக் கணினியிலேயே நிற்கும். வகையை நகலெடுத்தால், நாம் சொல்லியிருந்தால், நகலோடு போகும்.)

ஒரு தோப்பில் அளந்து வந்த எண்களில் காற்றின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற கணக்கில் இருப்பதாகக் குழுத்தலைவர் சசிதர் சொன்னார். மணிக்கு இத்தனை கிலோமீட்டராகத் தெரிகிறதே என்று பூஜிதா சொல்லிப்பார்த்தாள். அவர் காதில் ஏறவில்லை. கடுப்பில், எல்லாக் கணினியிலும் ஓடும் நிரலில், காற்றின் வேகத்தைச் சுமக்கும் காற்று வகையில், நகல்களோடும் போகும்படி ஒரு சீட்டைக் கட்டினாள்: ‘சசிதர் சொன்ன அளவு தப்பு.’ வகையை அழிக்கும்போது சீட்டைத் திரையில் காட்டும்படியும் எழுதிவைத்தாள். சோதனைக்குத்தான். எடுக்க மறந்துவிட்டாள்.

3

உடுமலைப்பேட்டையிலிருந்து அழகிரிசாமி வந்திருந்தார். காற்று தோதாக இருந்தால் தென்னந்தோப்பில் பாதியை வெட்டிவிட்டுக் காற்றாலை போடும் எண்ணம் அவருக்கு. பெரிய திரையில் அவர் தோப்பின் மேல் புயலே அடித்தது. சசிதர் பூரித்துப்போனார்.

நிரல் முடிந்தது. வகைகள் அழிந்தன. ஒவ்வொரு கணினியும், ஒவ்வொரு நகலும், தன் பங்குக்குச் சொல்லிற்று: சசிதர் சொன்ன அளவு தப்பு. சசிதர் சொன்ன அளவு தப்பு. திரை நிரம்பி மேலே ஓடியது.

பூஜிதா மேசைக்கடியில்— (இல்லை, ஒளியவில்லை. நான்தான் ஒளித்துவைக்கப் பார்த்தேன்.) எழுந்து நின்றாள்.

அழகிரிசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

“ஏனுங்க, இதுல சசிதருங்கறது யாருங்க?”

சசிதர் கையைப் பாதி தூக்கினார்.

“எழுதுனது நீயா கண்ணு?”

“நாந்தானுங்க. அளவு தப்புத்தானுங்க.”

“இந்தக் காத்து நெசமா அடிச்சா எங்கூட்டு ஓடே நிக்காதுங்களே,” என்றார் அவர், சசிதரைப் பார்த்து. “அம்மணி சொல்றதைக் கொஞ்சம் பாருங்க.”

பார்த்தார்கள். தப்புத்தான். தோப்பு பிழைத்தது.

4

அன்று மாலை சசிதர் பூஜிதாவைத் தன் அறைக்கு அழைத்தார்.

முதல் முடிவு: மன்னிப்புக் கேட்டார். (பத்திரிகைக்குப் பிடிக்கும்.)

இன்னொன்று: வேறு குழுவுக்கு மாற்றினார். (நம்பும்படி இருக்கும்.)

நடந்தது எனக்குத் தெரியாது. “உள்ள போனனா, அவரு கதவைச் சாத்திப்போட்டு...” என்று பூஜிதா சொல்லும்போது ஜூஸ் போடுகிறவர் மிக்சியை ஓட்டிவிட்டார். அது நின்றபோது தோழிகள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்க் கேட்கவா முடியும்? அந்தச் சிரிப்புக்குப் பொருந்துகிற முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.