காலி இருக்கைப் படம்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சுவரொட்டியைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறுப்புப் பின்னணியில் ஆளில்லாத டிரைவர் இருக்கை. கீழே, "இரத்த அழுத்தம் சொல்லாமல் கொல்லும். நாளை காலியாவது உங்கள் இருக்கையா?" அதைக் கொண்டுவந்து என் அறைக் கதவிலேயே ஒட்டினார்கள்.

பஸ் பணிமனையில் நான்தான் நர்ஸ். படம் வந்த நாளிலிருந்து ஒரு டிரைவரும் என் அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வண்டி எடுக்கும்போது அது கண்ணில் பட்டால் விளங்காதாம். டயர்க் கிடங்கு வழியாகச் சுற்றிப் போனார்கள்.

அதில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். காலையில் எழுந்ததும் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். நான் பிரஷர் கருவியை எடுத்துக்கொண்டு போவேன்.

"கையை நீட்டுங்க, பார்த்துடறேன்."

"பிரஷர் இருக்குன்னு தெரிஞ்சா சீட்லேருந்து இறக்கிடுவாங்க. படத்துலயே போட்டிருக்கே."

"மாத்திரை போட்டுக் குறைச்சுட்டா தாராளமா ஓட்டலாங்க."

"அதைப் படத்துல போடலையே!"

சுருக்கென்றது. மறுநாள் படத்தைக் கிழித்து எறிந்தேன். படம் இல்லாவிட்டால் எவன் பிரஷர் பார்க்க வருவான் என்று மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். அவர் கத்தும் கத்தலுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ஹாரன்.

"அப்போ நீங்களே கேன்டீன்ல எல்லார் முன்னாடியும் கையை நீட்டுங்க சார். இல்ல, பயமா?" என்றேன்.

மனிதர் ரோஷக்காரர். வந்தார்.

ஹாரனின் பிரஷரைப் பார்க்கக் கேன்டீனில் நிற்க இடமில்லை. நூற்றைம்பது என்றதும் ஒரே கைதட்டல்.

"அஞ்சு வருஷமா மாத்திரை போடறேன்யா. உங்களை மேய்ச்சா இறங்குமா? அதுக்காக என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்களா?"

"அனுப்ப மாட்டேங்கிறாங்களே சார்!" என்றது ஒரு குரல். ஹாரனே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பில் என் வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். "இவரைவிட எனக்குக் கம்மியாத்தான் இருக்கும்."

நூற்றெண்பது. அவர் முகம் செத்துவிட்டது.

"டாக்டரைப் பார்ப்போம். கொஞ்ச நாள் ஓய்வு, மாத்திரை. குறைஞ்சதும் சீட் உங்களோடதுதான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

சில வாரம் கழித்து அதே கேன்டீன். ஹாரனுக்கு நூற்று நாற்பது, இவருக்கு நூற்று முப்பது. இவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "அடுத்த மாசம் பாருய்யா!" என்று ஹாரன் கத்தினார்.

மறுநாள் காலை என் ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் விடாமல் ஒலி எழுப்பியது. எரிச்சலோடு திறந்து பார்த்தேன். டிரைவர் இருக்கையில் என் மனுஷன் உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.