பதினேழாவது குரல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டு பால்கனிக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். போன மாதம் அங்கே வெள்ள ஒத்திகை நடந்தது. சைரன் ஒலித்ததும் கீழ்த்தளத்துப் பிள்ளைகள் வரிசையாக மாடிக்கு ஏறினார்கள். மாடி ஹாலில் எண்ணினார்கள், கைதட்டினார்கள், இறங்கினார்கள். அவ்வளவுதான். கையிலிருந்த காப்பி ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லாத வீட்டில் எதிர்ப்பக்கத்துச் சத்தம்கூட விருந்தாளி மாதிரிதான்.

(மேலே சொன்னது முழு உண்மை இல்லை. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: "அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு"

வேண்டாம். வானம் இருளாத வெள்ளக் கதையை யார் எழுதியிருக்கிறார்கள்?

தொடக்கம் இரண்டு: "போன வருஷம் ஆற்றுத் தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து ஜன்னல் உயரத்துக்கு நின்றது. அதற்குப் பிறகுதான் மேலே இருப்பவர்களுக்கு"

இதை முடித்தால் எனக்குக் கோபம் வந்து, கதை கட்டுரையாகிவிடும். ஆறு வந்தது என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தொடக்கம் மூன்று. இதை வைத்துக்கொள்கிறேன்:

பயிற்சியாளர் அம்மா ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளில் வெள்ள ஒத்திகை நடத்துபவர். லாட்ஜ் அறைகளில் தூங்கி, பஸ் நிலைய ஓட்டல்களில் தனியாக மேசை பிடித்துச் சாப்பிட்டுப் பழகியவர். அவரிடம் ஒரு தந்திரம் உண்டு. ஒத்திகைக்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையைக் கீழ்த்தளத்தில் ஒளித்துவைத்துவிடுவார். மாடியில் எண்ணும்போது ஒரு தலை குறையும். ஆசிரியர்கள் மறுபடி எண்ணிப் பார்ப்பார்கள். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடுவார்கள். அந்த ஓட்டம் ஒன்று போதும், தன் உபதேசமெல்லாம் மறந்துபோனாலும் பரவாயில்லை என்பது அவருடைய கட்சி.

இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தார். எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சூழ்ந்துகொண்டு கேள்வி கேட்டபோது, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்றவள். அவளை விளையாட்டுச் சாமான் அறைக்குள் அழைத்துப்போய், சுருட்டிவைத்த பாய்களுக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

"பயமா இருக்கா பாப்பா?"

தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை.

"சும்மா ஒரு விளையாட்டு மாதிரிதான். டீச்சர் எண்ணிப் பாப்பாங்க. நீ இல்லேன்னு தெரிஞ்சதும் ஓடி வந்து கண்டுபிடிப்பாங்க. அதுவரைக்கும் மூச்! சத்தம் வரக்கூடாது."

"கண்டுபிடிப்பாங்களா மிஸ்?"

"பின்னே? கண்டுபிடிக்காம விட்டுருவாங்களா?"

3

ஏன் இவள்? வாயாடிப் பிள்ளையை ஒளித்துவைத்தால் கொஞ்ச நேரத்தில் கிக்கிக்கென்று சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இவள் வைத்த இடத்தில் இருப்பாள். பயிற்சியாளர் அதற்காகத் தேர்ந்தெடுத்தார். நானும் அதற்காகத்தான். எதிர்த்துப் பேசாத, எங்கே உட்காரவைத்தாலும் உட்காருகிற பாத்திரம் கிடைத்தால் எழுதுகிறவனுக்குக் கசக்குமா?

எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்று உறைக்கவில்லை. வைத்த இடத்தில் இருக்கிற பிள்ளையைத்தான் எல்லோரும் வைத்த இடத்திலேயே மறந்துவிட்டுப் போவார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே சத்தம் போடாதே என்பதுதான். இதை இன்னும் இரண்டு பக்கத்துக்கு விரித்து எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன், அவள் அங்கே இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

4

நான் முதலில் எழுதிய வரைவில் கணக்கு சரியாகக் குறைந்தது. டீச்சர் அலறினார், ஓடினார், சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

மாடி ஹாலில் மூன்றாம் வகுப்பு வரிசையாக நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் எண்ணைச் சொன்னது.

"பதினஞ்சு!"

"பதினாறு!"

"பதினேழு!"

"பதினெட்டு!"

பயிற்சியாளர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். பதினேழு என்பது பாய்களுக்குப் பின்னால் இருப்பவளின் எண். பதினாறையும் பதினேழையும் சொன்னது ஒரே குரல். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண், பின்னால் திரும்பிப் பார்க்காமலே இரண்டையும் சொல்லிவிட்டு, காலால் தரையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் குறும்புக்குச் செய்யவில்லை. பதினேழுக்கு எப்போதுமே குரல் மேலே வராது. தினமும் காலையில் டீச்சர் "கேக்கல, கேக்கல" என்று அதட்ட, அந்தப் பிள்ளை கண்கலங்க, ரெட்டைச் சடைதான் ஒருநாள் முன்வந்தாள்: "அவ சத்தம் வராது டீச்சர், அவளுக்கும் சேத்து நானே சொல்லிடறேன்." டீச்சருக்கும் நிம்மதி. அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. அன்பினால் வந்த பழக்கம்.

"எல்லாரும் இருக்காங்க மேடம்!" என்றார் டீச்சர், முகமெல்லாம் சிரிப்பாக.

(மிச்சத்தைச் சொல்கிறேன் என்றேனே. போன மழையில் எங்கள் தெருவில் வெள்ளம் வந்தபோது, நான் மூன்றாம் மாடியில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தேன். படகில் வந்தவர்கள் கீழே நின்று, "மேல யாராச்சும் இருக்கீங்களா?" என்று கத்தினார்கள். இரண்டாம் மாடிக்காரர் எனக்காகப் பதில் சொன்னார்: "மேல யாரும் இல்லீங்க, அவரு வெளியூர் போயிட்டாரு." நல்ல மனிதர், நிஜமாகவே அப்படி நினைத்திருந்தார். நான் எழுந்து ஜன்னலுக்கு வருவதற்குள் படகு தெருமுனை திரும்பிவிட்டது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் வடிந்தது. ஆனால் நான் இல்லை என்று இன்னொருவர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சொல்லோடு தனியாக இருக்க முடியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.)

5

பயிற்சியாளர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாராவது ஒருவருக்காவது தானாகத் தோன்றட்டும் என்று பிடிவாதமாக நின்றார். தலைமை ஆசிரியை பேசினார், பிள்ளைகள் கைதட்டினார்கள். எண்ணி எடுத்துவந்த மிட்டாயில் ஒன்று மீந்தது.

"நீங்க எடுத்துக்குங்க மேடம்," என்று தலைமை ஆசிரியை அதை அவர் கையில் வைத்தார்.

"ஒண்ணு எப்படி மீந்துச்சுன்னு..."

"பரவால்ல, சின்னதுதானே. எடுத்துக்குங்க."

அப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஒத்திகையில் சேராத நிஜ மழை. பயிற்சியாளரின் பிடிவாதம் அந்த இடத்திலேயே உதிர்ந்தது. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கி ஓடினார். இத்தனை ஊர்களில் ஆசிரியர்களை ஓடவைத்தவர், முதல் தடவையாகத் தானே ஓடினார்.

6

முடிவு ஒன்று: பாய்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. சிறுமி சலித்துப்போய்த் தானே வகுப்புக்குப் போய்விட்டாள்.

[அடித்துவிட்டேன். சொன்ன சொல்லை மீறுகிற பிள்ளை இல்லை அவள்.]

முடிவு இரண்டு: மாடியில் ரெட்டைச் சடை பேச்சுக்கொடுக்கப் பின்னால் திரும்பி, காலி இடத்தைப் பார்த்து

[இதுதான் எனக்கு வேண்டும். ஆனால் கையில் மிட்டாய் இருக்கும் பிள்ளை எதற்குத் திரும்பும்?]

நடந்தது இதுதான். பயிற்சியாளர் பாயை விலக்கினார். முழங்காலைக் கட்டிக்கொண்டு, வைத்தது வைத்தபடி உட்கார்ந்திருந்தாள் சிறுமி. அழவில்லை. நிமிர்ந்து பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. அவளுடைய குரல் முதல் தடவையாக அந்த அறை முழுக்கக் கேட்டது.

"மிஸ்! யாருமே என்னைக் கண்டுபிடிக்கல! நான் ஜெயிச்சுட்டேனா?"

பயிற்சியாளர் அவள் எதிரே மண்டியிட்டார். வாயைத் திறந்தார். அவருக்கு என்ன வசனம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆமா கண்ணு, ஜெயிச்சுட்டே" என்று சொன்னால், நிஜமாகத் தண்ணீர் வரும் நாளிலும் ஜெயிப்பதற்காக மூச்சுக்காட்டாமல் இங்கேயே உட்கார்ந்திருப்பாள். "இல்லம்மா" என்று சொன்னால், அவள் செய்த தப்பு என்ன? "நாங்கதான் தோத்துட்டோம்" என்று எழுதிப் பார்த்தேன். படிக்க அழகாக இருக்கிறது, ஆனால் அது பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொள்வது. "இனிமே சத்தமா கூப்பிடணும், சரியா?" என்றும் எழுதினேன். கூப்பிட்டால் வருவோம் என்று அவளுக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? நான் இதுவரை கொடுக்கவில்லை.

என்னால் முடியவில்லை. பதிலை நீங்கள் சொல்லுங்கள். அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.